இதோடு நிறுத்தச் சொல்கிறவர்

இதோடு நிறுத்தச் சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு. ரயில் நிற்கிற ஊர்களில் மட்டும் கொஞ்சம் செழிப்பாக வளரும். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவரை அடையாளம் கண்டுகொள்ள அவருடைய தலையையோ சட்டையையோ பார்த்துப் பிரயோஜனமில்லை. யாராவது ஓர் இளைஞன் புது மாதிரியாகத் தலை சீவிக்கொண்டு தெருவோடு போகும்போது அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள். முதலில் உதடு ஒரு பக்கமாகப் போகும். பிறகு மூக்கிலிருந்து ஒரு காற்று வரும். அந்தக் காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் வரும்: "இதோட நிறுத்திக்கணும்."

இவரைப் பழமைக்காரர் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். பழமைக்காரரோடு காலம் தள்ளுவது சுலபம். அவர் குடுமி வேண்டும், கடுக்கன் வேண்டும் என்பார். நீங்கள் முடியாது என்பீர்கள். அவர் சாபம் கொடுப்பார். நீங்கள் ஆபீசுக்குப் போய்விடுவீர்கள். இவர் விஷயம் வேறு. குடுமி போனதில் இவருக்குச் சம்மதம். கிராப் வந்ததில் பூரண சம்மதம். மூடுகோட்டு திறந்த கோட்டாக மாறியது நியாயம், திறந்த கோட்டு கழன்று விழுந்து வெறும் சட்டையானது அதைவிட நியாயம், பெண்டுகள் ரவிக்கை போட்டது தர்மம், அந்த ரவிக்கைக்கு ஜாக்கெட் என்று பேர் வந்தது முன்னேற்றம். நேற்று ராத்திரி வரைக்கும் வந்த அத்தனை மாறுதலும் சரி. இன்று காலையில் வந்ததுதான் தப்பு. இவர் கண்ணாடியைப் பார்த்துச் சீப்பைக் கீழே வைத்த அந்த நிமிஷத்தில் உலகமும் தன் சீப்பைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அதுதான் அவருடைய மனத்தாங்கல்.

செங்கல்பட்டு இந்த இனத்துக்கு வாகான ஊர். ஏன் என்றால் பாஷன் என்பது பட்டணத்தில் பிறந்து, எழும்பூரில் ரயிலேறி, முப்பத்தைந்து மைல் வந்து இங்கே இறங்குகிறது. இந்த முப்பத்தைந்து மைலைக் கடக்க ரயிலுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். பாஷனுக்குச் சுமார் ஒன்றரை வருஷம். இங்கிருந்து பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர அதற்கு இன்னொரு வருஷம் வேண்டும். அங்கே மலையேறி, கழுகு வருகிற நேரம் பார்த்துக் கும்பிட்டு, இறங்கி, மறுபடி பஸ்ஸேறி, மகாபலிபுரம் கடற்கரையில் அது கால் நனைக்கும்போது பட்டணத்தில் அதை அடக்கம் பண்ணி மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருக்கும்.

மகாபலிபுரத்தில் இன்னொரு விசேஷம். அங்கே பாறையில் நிற்கிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரே கொண்டை, ஒரே கச்சை, ஒரே காதணி. ஒரு மயிரிழை மாறவில்லை. இதோடு நிறுத்தச் சொல்கிறவர்களின் ஆசை உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான் நிறைவேறியிருக்கிறது. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து அங்கே அழைத்துப் போனால், "இன்னாய்யா இது, மேல துணியே காணோம்" என்று கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்கள். நிறுத்தினாலும் குற்றம்.

இப்படிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். ஆகையால் ஒரே ஒருவரை எடுத்து மேஜைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

தேவசகாயம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. ஐம்பது வயது. பட்டணத்திலிருந்து வருகிற கூடை, மூட்டை, சைக்கிள், நார்க்கட்டு ஆகியவற்றை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுவது அவருடைய சர்க்கார் வேலை. பட்டணத்திலிருந்து இறங்குகிற தலைகளை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுவது சொந்த வேலை. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது; ஆனால் அதில் அவர் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை.

அவருடைய தலையின் சரித்திரத்தை ஓர் இஞ்சு நாடா வைத்து அளந்துவிடலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், மாப்பிள்ளையாக நின்றபோது, அவருக்கு நடு வகிடு. மூக்கிலிருந்து ஒரு நூலைப் பிடித்து உச்சந்தலை வரை இழுத்தால் வகிடு அந்த நூலுக்கு அடியிலேயே போகும். முப்பத்தெட்டில் பக்க வகிடு ஊருக்குள் வந்தது. "தலையை ஓரமாப் பிரிக்கிறவன் ஒழுங்காப் போறவனா? இதோட நிறுத்திக்கணும்" என்றார். நாற்பத்துமூன்றில் நடுவிலே முடி நகர ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை காலை பக்க வகிட்டோடு ஆபீசுக்கு வந்தார். கேட்டவர்களிடம், "எங்க காலத்துலேர்ந்தே இதான்" என்றார். மூக்குக்கு நேர் கீழே இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு மீசை வைத்திருந்தார். யுத்தச் செய்திப் படங்கள் கொட்டகைக்கு வந்த வாரத்தில் அது காணாமற் போயிற்று. காரணம் கேட்டதற்கு, சளி என்றார். சட்டையை வெளியே விட்டுக்கொள்கிற புஷ் ஷர்ட் வந்தபோது, "பாதி உடுத்திக்கினு வெளிய வந்துட்டானுங்க" என்று பிளாட்பாரத்தில் நின்று சொன்னார். இப்போது அவருக்கு நாலு புஷ் ஷர்ட். தலையில் பதினோரு முடி. அந்தப் பதினொன்றையும் இடது காதுக்கு மேலிருந்து எடுத்து, எண்ணெய் தடவி, வலது காதுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். அதற்கும் வகிடு என்றுதான் பேர்.

இது வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. பிளாட்பாரத்தில் பத்துப் பேர் கேட்டுவிட்டு நடந்தார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் அவருடைய மகள் ரெபேக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்போதுதான் வந்தது வினை.

மாப்பிள்ளை தாவீது. மகாபலிபுரம் பஸ் ஆபீசில் டிக்கெட் குமாஸ்தா. நிச்சயத்துக்கு வந்தபோது அவன் தலையில் சாதாரணக் கிராப் இருந்தது. தேவசகாயம் எழுந்து அவனை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துத்தான் வெற்றிலைத் தட்டில் கை வைத்தார். ஆனால் நிச்சயத்துக்கும் முதல் ஓலைக்கும் நடுவில் இரண்டு மாசம் இருந்தது. அந்த இரண்டு மாசத்துக்குள் பாஷன் பஸ்ஸேறி மகாபலிபுரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஓலை என்றால் தெரியுமல்லவா? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று வேதக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். மூன்றும் தடையில்லாமல் போனால்தான் கல்யாணம். முதல் ஞாயிறு தாவீது கடலோரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காலில் நின்று தலையைக் குனிந்தபோது, தாவீதின் தலை குனிந்தது, முடி குனியவில்லை. நெற்றிக்குமேல் மூன்று அங்குலம் எழும்பி, அலைபோலச் சுருண்டு, பெஞ்சுக்கு மேலே தனியாக நின்றது. பின்னால் நாலாவது வரிசையில் இருந்த தேவசகாயத்துக்கு அதற்குப் பிறகு ஜெபம் ஓடவில்லை.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா இது?"

"எது மாமா?"

"தலையில."

"முடி மாமா."

"முடின்னு எனக்கும் தெரியுது. அது இன்னாத்துக்குத் தூக்கிக்கினு நிக்குது?"

"கடல் காத்து மாமா. டிக்கெட் கிழிக்கசொல்ல கண்ணுல வந்து வுழுது. மேல தூக்கி வுட்டா வுழறதில்ல."

"அந்த ஊர்ல காத்து இப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சுதா?"

தாவீது நல்ல பையன். சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. இந்த இனத்தாரிடம் வாதாடலாம், கோபிக்கலாம், காலில்கூட விழலாம். சிரித்துவிட்டால் கதை முடிந்தது. தேவசகாயம் அங்கேயே, நாலு பேர் காதுபட, தீர்ப்புச் சொன்னார்: மூன்றாம் ஓலைக்குள் அந்தத் தலை ஒழுங்குக்கு வரவேண்டும். வராவிட்டால் கோயிலில் தானே எழுந்து நின்று தடை சொல்வார். பெண்ணைப் பெற்றவனே தடை சொன்னால் பாதிரி ஐயர் என்ன செய்வார்? ஓலையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரெபேக்காள் கேட்டாள். "நைனா, நான் அவரைக் கட்டிக்கப் போறனா, அவரு தலையைக் கட்டிக்கப் போறனா?"

"தலை இல்லாம ஆளு தனியா வருவானா?"

"நல்லவருன்னு நீதான சொன்ன?"

"நல்லவன்தான். அதோட நிறுத்திக்கினு இருக்கணும்."

அவள் அழவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. டீச்சர் டிரெயினிங் முடித்தவள். தாவீது எழுதின கடிதங்களைத் தகரப் பெட்டியில் அல்ல, பைபிளுக்குள் வைத்திருந்தாள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்: சொன்னால் சொன்னதைச் செய்துவிடுகிற மனிதர் அப்பா. முப்பத்தெட்டிலிருந்து உலகத்தை நிறுத்த முடியாமல் தோற்றுக்கொண்டே வருகிறவருக்கு, நிறுத்தினால் நிற்கக்கூடிய ஒன்று கடைசியில் கையில் கிடைத்திருக்கிறது. விடுவாரா?

விடவில்லை. மாப்பிள்ளையின் தலைக்குத் தீர்ப்புச் சொன்னதோடு நிற்காமல், பெண்ணின் கையையும் ஒழுங்கு செய்யக் கிளம்பினார். கை என்றால் ஜாக்கெட்டின் கை. ரெபேக்காள் கேட்டது பெரிய காரியமில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் போடுகிறாற்போல் முழங்கைக்கு மேலே இரண்டு அங்குலம், பூ இல்லை, மடிப்பு இல்லை. "முழங்கை வெளிய தெரியணுமா? கோயில்லயா?" என்றார் தேவசகாயம். "உங்கம்மா கல்யாணத்துக்குப் போட்டாளே, அது ஜாக்கெட்டு. எவ்ளோ அடக்கம்! கை இதோ இதுவரிக்கும்" என்று தம் மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே தொட்டுக் காட்டினார். "சரிகையில்ல, ஒண்ணில்ல. வெறும் வெள்ளை. இன்னும் பெட்டியில கீது. அதான் அளவு. அதை அப்படியே தைக்கச் சொல்லப் போறேன்."

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தையற்காரரிடம் போனால் நாம் உடம்பைக் கொடுப்பதில்லை. ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுக்கிறோம். அளவு ஜாக்கெட். அது கிழிந்திருக்கலாம், சாயம் போயிருக்கலாம். ஆனால் தையற்காரருக்கு அதுதான் சட்டம், சாட்சி, தீர்ப்பு எல்லாம்.

தேவசகாயத்தின் மனைவி மேரியம்மாள் அதிகம் பேசாதவர். கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியைத் திறந்து, நாப்தலீன் உருண்டைகளைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுத்தார். பழைய துணியில் சுற்றி ஊக்கு குத்தியிருந்தது.

"இது மாதிரியேவா?"

"இது மாதிரியே."

"நல்லா யோசிச்சுத்தான சொல்றீங்க?"

"இதுல யோசிக்க இன்னா கீது?"

"ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்துடுங்களேன்."

"எனக்குத் தெரியாத ஜாக்கெட்டா? கொடு இப்டி."

மேரியம்மாள் கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய், அங்கே வெகுநேரம் என்னவோ செய்துகொண்டிருந்தார். புகை கண்ணில் பட்டால் தோள் குலுங்குமா என்று ரெபேக்காள் யோசித்தாள்.

பஜாரில் நூர்முகமதுவின் தையற்கடை. அப்பாவுக்குப் பிறகு மகனாக, அதே மிஷினில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தைக்கிறவர். ஒரு நூல் கூட்ட மாட்டார், ஒரு நூல் குறைக்க மாட்டார். அளவு ஜாக்கெட்டில் ஒரு தோள் இறங்கியிருந்தால் புதுசிலும் அதே தோளை அதே அளவு இறக்கித் தைத்துக் கொடுத்துவிட்டு, "அளவுல அப்டித்தான் சார் கீது" என்பார். தேவசகாயம் மூட்டையை மேஜைமேல் வைத்தார்.

"பாய், மார்பும் இடுப்பும் பொண்ணோட பழைய ஜாக்கெட்லேர்ந்து எடுத்துக்க. கையும் கழுத்தும் இதுலேர்ந்து. ஒரு நூல் மாறக் கூடாது."

"பிரிச்சுக் காட்டுங்க சார், ஒண்ணுக்கு ரெண்டா பாத்துக்கலாம்."

"அப்புறமா நீயே பிரிச்சுக்க. டூட்டிக்கு நேரமாச்சு. கேள்வி கேக்காதே. பொண்ணு வந்து கொறை, கூட்டுன்னா காதுல வாங்காதே."

"சரி பார்சல் சார். கேக்கல."

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. தாவீது அன்று வரவில்லை. பஸ் ஆபீசில் ஆளில்லையாம். 'தலையை ஒளிச்சு வச்சுக்கினு கீறான்' என்று தேவசகாயம் தீர்மானித்தார். மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ஜாக்கெட்டை வாங்கப் போனார்.

நூர்முகமது அதைக் கொடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வெள்ளைப் பட்டு வெயிலில் பளபளத்தது.

"இன்னா பாய் இது?"

"ஜாக்கெட்டு சார்."

"தோள்ல இன்னா ரெண்டு பூசணிக்கா?"

"பஃப்பு சார். பக்கத்துக்குப் பன்னண்டு மடிப்பு. எண்ணிக்கலாம்."

"கை எங்க?"

"பஃப்புதான் சார் கை. நாலரை இஞ்சி. அங்க முடிஞ்சு போச்சு."

"ஓரத்துல?"

"லேஸு."

"முதுகுல?"

"அதுவும் லேஸு. முடிச்சுப் போட்டு வால் தொங்குது. வாலு ஆறு இஞ்சி."

தேவசகாயத்தின் பதினோரு முடியும் ஆடிற்று. "பொண்ணு வந்தாளா? உண்மையைச் சொல்லு. அந்த டிக்கெட் கிழிக்கிறவன் சொல்லி அனுப்புனானா? எவ்ளோ பேரு சேந்துக்கினு எனக்கு இந்த வேலை பண்றீங்க?"

நூர்முகமது நிதானமாக மேஜையடியில் கை விட்டு, பழைய துணி மூட்டையை எடுத்து, ஊக்கைக் கழற்றி, அளவு ஜாக்கெட்டைப் புதுசின்மேல் வைத்தார். மஞ்சளாய்ப் போன பட்டு, இருபத்தைந்து வருஷத்து நாப்தலீன் வாசனை. தோளுக்குத் தோள். மடிப்புக்கு மடிப்பு. வாலுக்கு வால். ஒரு நூல் பிசகவில்லை. உள்தையலைப் புரட்டிக் காட்டினார். சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"எங்க அத்தா தச்சது சார். அவர் கை பட்டா உள்ளாற இந்தக் குறி இருக்கும். இதைப் பாத்தப்பறம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அத்தா அடிக்கடி சொல்லுவாரு. ஸ்டேஷன் மாப்பிள்ள ஒருத்தன் சீமை கேட்லாக்லேர்ந்து கிழிச்ச படத்தைக் கொண்டாந்து, பஃப்பு போறல, போறலன்னு மூணு வாட்டி பிரிச்சுத் தைக்க வச்சானாம். படத்துல இருக்கிற வெள்ளைக்காரிக்கு இருக்கிற மாதிரியே நிக்கணும்னு உள்ளாற விறைப்புத் துணி வேற வைக்கச் சொன்னானாம்." நூர்முகமது நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். "யாரு இன்னான்னு அத்தா பேரு சொன்னதில்ல. எனக்கும் தெரியாது சார்."

பார்சல் குமாஸ்தா இரண்டு ஜாக்கெட்டையும் ஒரே காகிதத்தில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எடை போட்டிருந்தால் அன்று அது அதிகமாகக் காட்டியிருக்கும்.

வீட்டில் மேரியம்மாள் இரண்டையும் கட்டில்மேல் விரித்துப் பார்த்தார். "நல்லாத்தான் வந்துகீது" என்றார்.

"நீ சொல்லக் கூடாதா?"

"பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னேனே."

"இதையா நான் தைக்கச் சொன்னேன் அப்போ?"

"நீங்களா? மூணு வாட்டி."

தேவசகாயம் மோட்டுவளையைப் பார்த்தார். "அதெல்லாம் வயசு அப்டி. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்திக்கினு இருப்பேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?" மேரியம்மாள் நிமிர்ந்தார். வழக்கமாக ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர் அன்று நிறுத்தவில்லை. "கோயில் முடிச்சு உங்க ஊருக்கு வண்டியில போனமே, நெம்மேலி பக்கம், மறந்துட்டீங்களா? மிராசுதார் காரியஸ்தன் வண்டியை மறிச்சானே. உங்க அப்பா அவங்க நெலத்துல ஏர் ஓட்டினவரு, மேல துணி போடாம. அவரு இறங்கிக் கைகட்டிக்கினு நிக்கறாரு. அந்தாளு உங்க கிராப்பைப் பாத்தான், பூட்ஸைப் பாத்தான், என் கையில இந்தப் பஃப்பைப் பாத்தான். மூக்கால ஒரு காத்து வுட்டான். 'படிச்சீங்க, சரி. சட்டை போட்டீங்க, சரி. பூட்ஸு, பொம்பளைக்கு ஜாக்கெட்டு, இதெல்லாம் இன்னாத்துக்கு? இதோட நிறுத்திக்க'ன்னான்."

ரெபேக்காள் கதவருகில் நின்றிருந்தாள். இந்தக் கதை அவளுக்குப் புதுசு.

"நைனா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பூட்ஸையும் கழட்டல. வண்டிக்காரனைப் பாத்து, 'ஓட்டு'ன்னாரு. அவ்ளோதான். அன்னிக்குத்தான் எனக்கு இவரைப் புடிச்சுது." மேரியம்மாள் பழைய ஜாக்கெட்டை மடித்து ஊக்கு குத்தினார். "அதே வார்த்தை. அதே மூக்கு. தினம் இந்த வூட்டுல கேட்டுக்கினு கீறேன்."

அன்று ராத்திரி தேவசகாயம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார் என்பது மட்டும் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தது.

மறுநாள் மூன்றாம் ஓலை. கோயிலில் உட்கார இடமில்லை. பக்திக்கு வந்தவர்கள் பாதி, தடைக்கு வந்தவர்கள் பாதி. ரெபேக்காள் பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்து, கைக்குட்டையைக் கயிறாய்த் திரித்துக்கொண்டிருந்தாள். அப்பா காலையில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாத நாள் என்ன நாள் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு நாளை அவள் பார்த்ததில்லை. தாவீதைத் தேடினாள், முன் பெஞ்சில் காணவில்லை. முதல் பாட்டு முடிகிற நேரத்துக்கு ஓர் ஆள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றினான். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யார் என்று தெரிந்துகொள்ள எல்லாருக்கும் கொஞ்சநேரம் பிடித்தது.

மாப்பிள்ளை மெஷின் போட்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தான். கால் அங்குலம். காதுகள் இரண்டும் இதுவரை யாரும் பார்த்திராத அளவுக்கு வெளியே வந்திருந்தன. நெற்றி உச்சிவரை போயிற்று. மகாபலிபுரத்துச் சலூன்காரர், "எவ்ளோ வேணும்?" என்று கேட்டதற்கு, "யாரும் ஒண்ணும் சொல்ல முடியாத அளவுக்கு" என்றானாம். தேவசகாயம் கேட்ட தலை இதுதான். கேட்டதைவிட ஒரு பங்கு அதிகமாகவே ஒழுங்கு.

ஐயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓலையை வாசித்தார். "இவர்கள் இருவரும் இணைக்கப்படாதபடிக்கு யாதொரு தடையையாவது அறிந்திருக்கிறவர்கள்..." என்ற இடத்தில் நிறுத்தினார். நாலாவது வரிசையில் தேவசகாயம் எழுந்தார்.

ரெபேக்காளின் கையில் கைக்குட்டை நின்றது.

"தடை இல்ல ஐயரே" என்றார் தேவசகாயம். முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தக் காதுகளைப் பார்த்தார். "ஆனா ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் கீது. அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு முடி வளந்தாகணும். இது இன்னா, டைபாய்டுல எழுந்தவன் மாதிரி. போட்டோவுல வருஷக்கணக்கா நிக்கப் போற தலை."

ஐயரே சிரித்துவிட்டார். தாவீது மட்டும் சிரிக்கவில்லை; ஒரு தடவை பட்டது போதும் என்று தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்குள் முடி முக்கால் அங்குலம்தான் வளர்ந்தது. ஆகையால் போட்டோவில் மாப்பிள்ளை பரிதாபமாகவும், பெண் இரண்டு தோளிலும் இரண்டு வெள்ளைப் பூசணிக்காயோடு வெகு கம்பீரமாகவும் நிற்கிறார்கள்.

மனம் திரும்பிய மனிதர் என்று தேவசகாயத்தைப் பாராட்ட இங்கே முடிக்கலாம். ஆனால் இந்த இனத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அவ்வளவு சீக்கிரம் பேனாவை மூட மாட்டார்கள். கல்யாணம் முடிந்த இரண்டாம் மாசம், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மூன்று பேர் நூர்முகமது கடைக்கு வந்து "ரெபேக்கா கை" வேண்டும் என்று கேட்டார்கள். தீபாவளிக்குள் பஜார் முழுக்க அந்தக் கைதான். முப்பத்தொன்றில் காரியஸ்தன் நிறுத்தச் சொன்ன அதே நாலரை அங்குலம், அதே பன்னிரண்டு மடிப்பு. யாருக்கும் அது பழசு என்று தெரியாது. கிறிஸ்துமசுக்கு மதுராந்தகத்திலிருந்து ஆள் வந்து மாதிரி வாங்கிப்போனதாகக் கேள்வி. பாஷன் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"எங்க வூட்டுலதான் ஆரம்பம்" என்று பார்சல் ஆபீஸ் வாசலில் நின்று தேவசகாயம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான்தான் பாய்கிட்ட நின்னு தைக்க வச்சேன், மூணு வாட்டி பிரிச்சு." உண்மைதான்; வருஷத்தை மட்டும் சொல்வதில்லை. ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பட்டணத்து வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தோளில் அதே பஃப் கை. உடம்பில் உள்ளதெல்லாம் காற்றில் எழுதிக் காட்டுகிற நைலான் சேலை. தேவசகாயம் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. மூக்கில் ஒரு காற்று திரண்டு வந்தது. வந்தது, மூக்கின் வாசலிலேயே நின்றது. ஏதோ நினைவுக்கு வந்தவர்போல் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, குரலைத் தணித்து, பக்கத்திலிருந்த போர்ட்டரிடம் சொன்னார்:

"கை சரி. இதோட நிறுத்திக்கணும்."

நீங்கள் இந்த இனம் இல்லை. எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பையன் பேன்ட்டின் காலைக் குறுக்கித் தைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் வாயே திறக்கவில்லை; சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் உரக்கத் தண்ணீர் குடித்தீர்கள். உங்கள் மகள் சடையைத் தூக்கி மடித்து ரிப்பன் கட்டியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையைத்தான் சத்தமாக மடித்தீர்கள். ஆகையால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முடிந்தால் ஓய்வான ஒரு மத்தியானம், கட்டிலுக்கடியில் இருக்கிற பெட்டியை இழுத்து, உங்கள் கல்யாணத்தின்போது போட்டுக்கொண்ட எதையாவது ஒன்றை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது.

என்ன சொல்கிறீர்கள்? இந்த மாதிரிக் கேலி எழுதுகிறவர்கள் முன்னெல்லாம் அளவோடு எழுதினார்கள், இப்போது வரவர வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள், இவர்களும் இதோடு நிறுத்திக்கொண்டால் தேவலை என்கிறீர்களா?

வாருங்கள், வாருங்கள். பார்சல் ஆபீஸ் பெஞ்சில் இன்னும் ஒருவர் உட்கார இடம் இருக்கிறது.